பிள்ளையும் ஓர் அமானிதம்

 

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு வழக்கத்தை நன்கு அறிவீர்கள். தேனிப் பேருந்து நிலையத்தில் சிறுவன் ஒருவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, "அண்ணே, பையனை உத்தமபாளையத்தில் இறக்கி விடுங்கள், அவன் மாமா வந்து நிற்பார்" என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டுத் தந்தை தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வீரபாண்டி, சின்னமனூர் என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து பேருந்து உத்தமபாளையம் சேரும்போது, நடத்துநர் மறவாமல் பையனைத் தட்டி எழுப்பி, மாமாவின் கையில் ஒப்படைப்பார். அங்கே எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. முகம் தெரிந்த ஊரில் வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்தது.

இன்று நம் பிள்ளைகளின் பயணம் அந்தச் சிறு தொலைவுக்குள் அடங்குவதில்லை. இப்பள்ளத்தாக்கின் பல இல்லங்களில் தந்தை துபாயிலோ ரியாத்திலோ மஸ்கட்டிலோ இருக்கிறார். வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளிகள் விடுமுறை விட்டதும், பேரப்பிள்ளைகள் மதுரைக்கோ கொச்சிக்கோ திருச்சிக்கோ வந்து இறங்குகிறார்கள். சிலர் பெற்றோருடன், சிலர் தாயுடன் மட்டும், சிலர் உறவினருடன், இன்னும் சிலர் தனியாகவே வருகிறார்கள். முகம் தெரியாத இடத்தில், பல கைகள் மாறிச் செல்லும் பயணத்தில், வாய்ச்சொல் போதுமா? போதாது என்பதால்தான் விதிகள் பிறந்தன.

ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதால், எங்கள் தெருவில் யாருக்குப் பாஸ்போர்ட் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "ஒரு சின்னப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை காகிதம்?" என்ற சலிப்பை அவர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அச்சலிப்புக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. விதிகளை முதலில் பார்ப்போம். அவை எதற்காக வந்தன என்பதைப் பிறகு சிந்திப்போம்.

விமான நிறுவனங்களின் கணக்கில் பிள்ளைப் பருவத்துக்கு மூன்று படிகள் உண்டு. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து செல்லலாம். அதற்குத் தனி இருக்கை இல்லை. கட்டணமும் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் வெளிநாட்டுப் பயணமாயின் பச்சிளங்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டும் தனி விசாவும் வேண்டும். ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தையே அமரலாம். இரட்டைக் குழந்தைகளுடன் தாய் தனியே செல்வதாயின் ஒரு குழந்தைக்கு இருக்கை வாங்கியே ஆகவேண்டும். இரண்டு முதல் பன்னிரண்டு வயது நிறையும் வரை சிறுவர் சீட்டு. பன்னிரண்டு நிறைந்துவிட்டால் கட்டணத்தில் அவர் பெரியவர்.

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வயது கணக்கிடப்படுவது சீட்டு வாங்கும் நாளில் அன்று. பயணம் செய்யும் நாளில். ஊருக்கு வரும்போது ஒன்றே முக்கால் வயதாக இருந்த குழந்தைக்கு, மூன்று மாதம் பாட்டி வீட்டில் இருந்து திரும்பும்போது இரண்டு வயது நிறைந்திருக்கும். போகும் பயணத்துக்குத் தனி இருக்கை வேண்டும். இதை முன்கூட்டியே எண்ணாமல் விமான நிலையத்து மேசையின் முன் நின்று தவித்த தாய் ஒருவரை நான் அறிவேன். இருக்கைகள் நிரம்பிவிட்ட நாளில் யாரிடம் மன்றாடி என்ன பயன்?

அடுத்தது, தனியாகப் பயணம் செய்யும் பிள்ளை. பெரும்பாலான நிறுவனங்கள் ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு வயது நிறையாத சிறுவரை, "துணையற்ற சிறார்" என்ற பிரிவில், தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஏற்றுக்கொள்கின்றன. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை எவரும் தனியே ஏற்றுவதில்லை. பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெற்றோர் விரும்பிக் கேட்டால் இந்த ஏற்பாட்டைச் செய்து தரும் நிறுவனங்களும் உண்டு. இதை வழக்கமான சீட்டைப்போல் கடைசி நாளில் வாங்க முடியாது. நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி, இடையில் விமானம் மாறாத நேர்வழிப் பயணமாகத் தேர்ந்து பதிவு செய்வதே நலம்.

அதன் நடைமுறையைச் சொல்லுகிறேன். ஏற்றிவிடுபவர் யார், இறங்கும் இடத்தில் பெற்றுக்கொள்பவர் யார், அவர்களின் முகவரி, தொலைபேசி எண், பிள்ளைக்கு என்ன உறவு ஆகிய அனைத்தும் ஒரு படிவத்தில் எழுதப்படும். பிள்ளையின் பாஸ்போர்ட்டும் அப்படிவமும் ஒரு பையில் இடப்பட்டுக் கழுத்தில் தொங்கவிடப்படும். தரைப்பணியாளர் கையெழுத்திட்டுப் பிள்ளையைப் பெறுவார். விமானப் பணிப்பெண் அவரிடமிருந்து பெறுவார். இறங்கிய இடத்தில் மற்றொரு பணியாளர் பெற்று, குடியேற்றச் சோதனையும் சுங்கமும் கடந்து வாசலுக்கு அழைத்து வருவார். அங்கே படிவத்தில் பெயருள்ளவர், தம் அசல் அடையாளச் சான்றைக் காட்டிக் கையெழுத்திட்ட பின்னரே பிள்ளை அவர் கைக்கு வரும். ஏற்றிவிட்டவரோ, விமானம் தரையை விட்டு எழும் வரை நிலையத்திலேயே காத்திருக்க வேண்டும். விமானம் தாமதமாகிப் பிள்ளை திரும்பி வந்தால் பெற்றுக்கொள்ள ஆள் வேண்டுமன்றோ?

ஷார்ஜாவில் இருக்கும் என் மகளின் மகன், ஒன்பது வயதில் அவ்வாறு தனியே கொச்சிக்கு வந்தான். நானும் என் மச்சானும் போடிமெட்டு ஏறி, மூணாறு, கோதமங்கலம் வழியாக நெடும்பாசேரிக்குச் சென்று காத்திருந்தோம். என் மகள் வயதுடைய பணியாளர் ஒருவர் பையனின் கையைப் பிடித்தபடி வெளியே வந்தார். முன்னால் நின்ற என் மச்சான், பையனைக் கண்ட மகிழ்ச்சியில் பாய்ந்து சென்று பெட்டியை வாங்கக் கை நீட்டினார். அப்பெண் பெட்டியையும் தரவில்லை. பிடித்த கையையும் விடவில்லை. "உங்கள் பெயர்?" என்று கேட்டார். மச்சான் சொன்னார். படிவத்தைப் பார்த்துவிட்டு, "இதில் அந்தப் பெயர் இல்லையே" என்றார்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அவனைத் தூக்கி வளர்த்தவன், பையனையே கேட்டுப் பாருங்கள்" என்றார். அப்பெண் குரலை உயர்த்தவில்லை. "பையன் உங்களை அறிவான், ஐயா, ஆனால் அவன் தந்தை இதில் எழுதித் தந்த பெயர் வேறு" என்றார். நான் என் அடையாள அட்டையை நீட்டினேன். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்; என் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர் பையனிடம் குனிந்து, "இவர் யார்?" என்றார். "என் நன்னா" என்றான் அவன். அதன்பிறகே பேனாவை என் கையில் தந்தார். கையெழுத்து முடிந்ததும்தான் பையனின் கை அவர் கையிலிருந்து என் கைக்கு மாறியது.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கோ மனம் நிறைந்திருந்தது. அன்புள்ள மாமனைத் தடுத்த அதே கைதான், அன்பில்லாத அயலானையும் தடுக்கும். முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுக்கும் காவல், காவலாகுமா?

இத்தகைய ஏற்பாட்டின் அருமையை நாடு முழுவதும் கண்ட நாள் ஒன்றுண்டு. கொரோனா நோய்த்தொற்றால் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட உள்நாட்டு விமானங்கள், அவ்வாண்டு மே 25ஆம் நாள் மீண்டும் பறந்தன. அன்று தில்லியிலிருந்து பெங்களூருக்கு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் முகக்கவசம் அணிந்து தனியாக வந்து இறங்கினான். தாத்தா பாட்டியைக் காணச் சென்று அங்கேயே மாட்டிக்கொண்ட மகனை, மூன்று மாதங்களுக்குப் பின் தாய் விமான நிலையத்தில் கண்டார். பெற்றோர் போக முடியாத இடத்திலிருந்து அப்பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது, மேலே சொன்ன அதே ஒப்படைப்பு முறைதான்.

இனி, விதிகள் ஏன் இவ்வளவு கடுமையாயின என்பதைப் பார்ப்போம். மறக்கக்கூடாத ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்டுவது என் கடமை. 1991 ஆகஸ்ட் மாதம், ஹைதராபாத்திலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி அழுதுகொண்டிருந்ததை விமானப் பணிப்பெண் ஒருவர் கவனித்தார். அருகில் அமர்ந்திருந்தவர் அறுபது வயதை ஒட்டிய சவூதி நாட்டவர். அச்சிறுமியை அவருக்கு மணமுடித்து அனுப்பியிருந்தார்கள். பணிப்பெண் தகவல் தந்ததால், தில்லியில் விமானம் இறங்கியதும் அவர் கைது செய்யப்பட்டார். வறுமையைக் காரணம் காட்டி ஒரு குழந்தையை விமானமேற்றிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நம் சமுதாயம் தலைகுனிந்தது.

சிந்தித்துப் பாருங்கள். அச்சிறுமி வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எத்தனை பேரைக் கடந்து வந்திருப்பாள்! அத்தனை பேரில் கண்ணீரைக் கண்டு நின்றவர் ஒருவரே. ஒவ்வொரு விமானத்திலும் அப்படி ஒரு நல்லுள்ளம் இருக்கும் என்று நம்பி நாம் பிள்ளைகளை அனுப்ப முடியாது. பார்க்கும் கண் இல்லாத இடத்திலும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்க வேண்டும். "இப்பிள்ளைக்கு வயது என்ன? உடன் வருபவர் யார்? பெற்றோர் சம்மதித்தார்களா?" என்ற மூன்று கேள்விகள்தான் இன்று நாம் நிரப்பும் எல்லாப் படிவங்களின் உயிர்நாடி.

மற்றொன்றும் உண்டு. வளைகுடா நாடுகளின் ஒட்டகப் பந்தயங்களுக்காகப் பாகிஸ்தான், வங்காளதேசம், சூடான், மௌரித்தானியா ஆகிய நாடுகளிலிருந்து சின்னஞ்சிறு சிறுவர்கள் கொண்டுசெல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. எடை குறைந்த பிள்ளை ஏறினால் ஒட்டகம் விரைந்து ஓடும் என்பதே காரணம். அப்பிள்ளைகளைத் தம் சொந்த மக்கள் என்று சொல்லி அழைத்துச் சென்றவர்களில் பெற்றோர் அல்லாதவர்களும் இருந்தனர். ஐக்கிய அரபு அமீரகம் 2005ஆம் ஆண்டு பதினெட்டு வயதுக்குட்பட்டவரை ஒட்டகமேற்றுவதைச் சட்டத்தால் தடைசெய்து, யூனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பியது.

ஒரு காலத்தில் நம் நாட்டில் தந்தையின் அல்லது தாயின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளின் பெயரை எழுதிவிடுவார்கள். செலவு குறைவுதான். ஆனால் அப்பெயருக்குரிய பிள்ளை இதுதானா என்பதை எந்த அதிகாரியால் உறுதியாகச் சொல்ல முடியும்? ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியானது. தொட்டில் குழந்தைக்கும் படம் ஒட்டிய தனிப் பாஸ்போர்ட் கேட்பது இதனால்தான்.

அப்பாஸ்போர்ட்டின் வேர், பிறப்புச் சான்றிதழ். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்தாலும், வேறெங்கே பிறந்தாலும் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் சூட்டவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெயரில்லாமலே பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் பெறப் பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு சில சான்றுகளும் ஏற்கப்படுகின்றன.

பிறந்த தேதியைப் பற்றி ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என் திண்ணைக்கு வந்தார். மகளுக்குப் பதினாறு வயது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்திருப்பதாகவும், நிகாஹ் முடிந்ததும் அழைத்துப் போக வசதியாகப் பதினெட்டு என்று போட்டுப் பாஸ்போர்ட் படிவம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். "இரண்டு வயதுதானே, வாத்தியாரே!" என்றார். நான் மறுத்தேன். பாஸ்போர்ட்டுக்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்றேன். பதினெட்டு நிறையாத பெண்ணை மணமுடிப்பது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்றேன். அதற்கும் மேலாக ஒன்று சொன்னேன்: "நாளை அங்கே அவளுக்கு ஒரு துன்பம் நேர்ந்தால், நான் சிறுமி, என்னைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லும் உரிமையை நீங்கள் இன்றே அவளிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள்." அவர் எழுந்து போய்விட்டார், நெடுநாள் என்னோடு பேசவில்லை. அவர் பேசாதிருந்தது எனக்கு வருத்தமே. ஆயினும் அப்படிவத்தை எழுதாததில் வருத்தமில்லை.

பிறந்த தேதியை அடுத்துப் பெயர். நம் இல்லங்களில் முஹம்மது என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் வேறு விதம், ஆதாரில் மூன்றாவது விதம். இதனால் வரும் அலைச்சலுக்கு அளவில்லை. அன்றியும், நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியே இல்லை. பிள்ளைக்கு ஆயிஷா என்றோ யூசுஃப் என்றோ ஒற்றைப் பெயர் இட்டு, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. இந்தத் தொல்லைக்கு இடமே தராமல், பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரையும் முதலிலேயே குடும்பப் பெயராகப் பதிந்துவிடுவது அறிவுடைமை.

அடுத்து, பெற்றோரின் சம்மதம். தேனி மாவட்டத்தார் மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறோம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது தாயும் தந்தையும் கையொப்பமிட்ட 'அனெக்சர் டி' என்னும் உறுதிமொழி வேண்டும். தாய் இங்கே, தந்தை வெளிநாட்டில் என்ற நிலையே நம் வீடுகளில் மிகுதி. அப்போது தந்தை, அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று பெற்ற உறுதிமொழிப் பத்திரத்தை அனுப்ப வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தாலோ, ஒருவரின் சம்மதம் பெற இயலாவிட்டாலோ, பிள்ளையை வைத்திருப்பவர் அந்நிலையை விளக்கி 'அனெக்சர் சி' தரலாம். கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள், வழி இருக்கிறது.

பிள்ளையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது வரையிலோ, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பதினைந்து வயது கடந்தவர் விரும்பினால் பத்தாண்டுப் பாஸ்போர்ட் பெறலாம். வளைகுடா நாடுகளுக்குள் நுழையப் பொதுவாக ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும் என்பதால், ஐந்தாண்டு என்பது நடைமுறையில் நான்கரை ஆண்டுதான். பெற்றோர் தம் பாஸ்போர்ட்டின் பத்தாண்டுக் கணக்கிலேயே இருந்துவிட்டுப் பிள்ளையின் கணக்கை மறந்துவிடுவது அடிக்கடி நிகழ்வது. அமீரகத்தில் குடியிருப்பு விசா உள்ள பிள்ளை ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால், பொதுவாக அந்த விசாவே காலாவதியாகும் என்பதையும் பாட்டிமார்கள் மனத்தில் வைக்க வேண்டும். பாசம் பிடித்து நிறுத்திய பிள்ளையை அனுப்பப் புது விசாவுக்கு அலைய நேரும்.

தாயுடன் மட்டுமோ, மாமன், சித்தப்பாவுடனோ பிள்ளை வெளிநாடு செல்லும்போது, உடன் வராத பெற்றோரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. எல்லா நாடுகளும் கேட்பதில்லை. கேட்கும் நாட்டில் இல்லையென்றால் பயணமே நின்றுவிடும். தென்னாப்பிரிக்கா, பிள்ளைக் கடத்தலைத் தடுப்பதற்காக 2015 ஜூன் முதல் பெற்றோர் விவரமுள்ள பிறப்புச் சான்றிதழைச் சிறார்களிடம் கேட்கத் தொடங்கியது நினைவிருக்கலாம். அக்கடிதத்தில் பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் எண், அழைத்துச் செல்பவர் பெயர், போகும் இடம், திரும்பும் நாள், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழின் நகலும் உடன் இருக்கட்டும்.

புனிதப் பயணம் செல்வோருக்கும் ஒரு சொல். 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, பெருங்கூட்டத்தில் நேரக்கூடிய ஆபத்தைக் கருதி, சிறுவர்களை உடன் அழைத்து வர சவூதி அரசு அனுமதிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் விண்ணப்பங்கள் நம் நாட்டிலும் ஏற்கப்படவில்லை. இவ்விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பிள்ளையைக் குறித்துத் தெளிவாகக் கேட்டறியுங்கள்.

விதிகள் நம்மைக் கட்டுப்படுத்த மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். விமானத்தில் தாய் ஓரிடத்திலும் குழந்தை வேறிடத்திலும் அமர்த்தப்பட்டு, அருகருகே அமரக் கூடுதல் பணம் கேட்கப்படுவதாக முறையீடுகள் எழுந்தன. 2024 ஏப்ரலில் நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஒரே முன்பதிவு எண்ணில் பயணம் செய்யும் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவர் அருகிலேனும் இருக்கை தரவேண்டும் என்று நிறுவனங்களுக்குப் பணித்தது. இந்த உரிமையைத் தெரிந்துகொண்டு, பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். குடும்பத்தாரின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்காமல், ஒரே பதிவில் வாங்குங்கள்.

காகிதங்களைச் சீர்செய்வதோடு கடமை முடிவதில்லை. பிள்ளையிடமும் பேச வேண்டும். தந்தை, தாய் இருவரின் முழுப் பெயரையும், ஒரு தொலைபேசி எண்ணையும், போகும் ஊரின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லப் பழக்குங்கள். "பையில் உள்ள பாஸ்போர்ட்டைச் சீருடை அணிந்த பணியாளர் தவிர வேறு யாரிடமும் தராதே, அழைத்துப் போக வருபவர் இன்னார், வேறு யார் மிட்டாய் தந்து அழைத்தாலும் போகாதே, பயமாக இருந்தால் விமான அக்காவிடம் சொல்" என்று முந்தின இரவே சொல்லுங்கள். தனியே போக அஞ்சும் பிள்ளையை, கட்டணம் மிச்சம் என்று கருதி அனுப்பாதீர்கள். ஐந்து வயது போதும் என்பது விதி; உங்கள் பிள்ளைக்குப் போதுமா என்பதை அறிந்தவர் நீங்கள்தாம்.

திருக்குர்ஆனில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம் இல்லங்களில் அடிக்கடி பேசப்படுவது. விளையாட அழைத்துப் போகிறோம் என்று சொல்லி ஒரு மகனை அழைத்துச் சென்ற புதல்வர்கள், அவனின்றித் திரும்பி வந்தார்கள். பின்னொரு நாள், தானியம் பெறுவதற்காக அவனுடைய தம்பியையும் உடன் அனுப்புமாறு அவர்களே கேட்டபோது, யஃகூப் (அலை) அவர்கள் உடனே இசையவில்லை. அவனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்போம் என்று அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்கிய பின்னரே அனுப்பினார்கள் (12:66). கேட்டவர்கள் சொந்தப் பிள்ளைகள். அனுப்பியவரோ அல்லாஹ்வின் மேல் முழு நம்பிக்கை வைத்த நபி. இருந்தும் உறுதிமொழி வாங்காமல் அனுப்பவில்லை! அவ்வாறிருக்க, நாம் ஒரு கையெழுத்துக்கு ஏன் சலித்துக்கொள்ள வேண்டும்?

கடன் கொடுத்தால் எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பணத்துக்கே அத்தனை கவனமென்றால், பிள்ளைக்கு எத்தனை வேண்டும்! நம் பிள்ளைகள் நம் உடைமைகள் அல்லர்; நம்மிடம் தரப்பட்ட அமானிதங்கள். அந்த அமானிதம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் ஒவ்வொரு நொடியிலும், "இப்போது இதற்குப் பொறுப்பு நான்" என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் நம்மைக் காக்க வைக்கும் படிவங்கள் எல்லாம் கேட்பது இதைத்தான்.

வாசக அன்பர்களே! பயணம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், இந்த வெள்ளிக்கிழமையே வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பெயரின் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டோடும் ஆதாரோடும் ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேதியில் பிழை இருந்தால், உண்மையான தேதிக்கே திருத்துங்கள். வசதியான தேதிக்கு அன்று. நம் பிள்ளைகள் எங்கு பறந்தாலும் பத்திரமாகத் திரும்பி வர வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.